பூனைக்கு மூச்சு வாங்கும்போது: தருமபுரியில் கிளினிக் வேலைக்கு வருபவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் என்றால் முதலில் மாடுதான். ஆலம்பாடி மாடு, கலப்பினக் கறவை, வெள்ளாடு, கோழி என்று பார்த்துப் பழகிய மண். கிராமப் பக்கம் இன்றைக்கும் அதற்குப் பெயர் மாட்டாஸ்பத்திரி. ஆனால் தருமபுரி நகரில் மட்டுமல்லாமல் அரூர், பாலக்கோடு பக்கமும் பூனை வளர்ப்பவர்கள் இப்போது டாக்டரைத் தேடி வருகிறார்கள். பெர்ஷியன் பூனைக்கு விலை கொடுத்தவர்களும் வருகிறார்கள், தெருவில் கிடைத்த குட்டியைத் தூக்கி வளர்த்தவர்களும் வருகிறார்கள். ஆகவே புதிதாகப் படித்து முடித்த டாக்டர், கிளினிக்கில் சேரும் உதவியாளர், செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்ப்பவர் என்று எல்லோருக்கும் ஒருநாள் அந்த போன் வரும்: "சார், பூனைக்கு மூச்சு வாங்குது."

இந்த ஒரு கேஸைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு பூனை மருத்துவத்தில் பாதி வேலை தெரியும் என்பது என் எண்ணம். காரணம், இதில் மாட்டு வைத்தியத்தில் பழகிய கை ஒன்றும் உதவாது. மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்தி, ஊசியைப் போட்டு அனுப்பிவிடலாம். மூச்சுக்குத் தவிக்கிற பூனையை அமுக்கிப் பிடித்தால் அது மேசையிலேயே போய்விடும். திமிறும்போது உடம்பு கேட்கிற ஆக்சிஜன் கூடுகிறது. நுரையீரல் கொடுப்பதோ ஏற்கெனவே போதாது. அந்த இடைவெளியில்தான் உயிர் நழுவுகிறது.

போனிலேயே வேலை ஆரம்பம்

நல்ல உதவியாளர் யார் என்பது போனை எடுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். பென்னாகரத்தில் இருந்து ஓர் அம்மா கூப்பிடுகிறார் என்று வையுங்கள்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க. மூச்சு மூச்சா வாங்குது."

"வாயைத் தொறந்து வாங்குதாக்கா, மூக்கு வழியாவா?"

"வாயைத் தொறந்துதாங்க. நாக்கு வெளிய தள்ளுது."

"ஈறு என்ன நிறத்துல இருக்கு? உதட்டைத் தூக்கிப் பாருங்க. கடிக்க வந்தா விட்டுடுங்க."

"வெளுத்தாப்புல, நீலமா இருக்குங்க."

"வாயில எதுவும் ஊத்தாதீங்கக்கா. தண்ணி, பால், கஷாயம் எதுவும் வேணாம். உடனே கெளம்பி வாங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லி ரெடியா வைக்கிறேன்."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் கேட்க வேண்டியது எல்லாம் கேட்டாகிவிட்டது. நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. வெயிலில் ஓடி வந்தாலே இரைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை அப்படிச் செய்யக்கூடாது. தாறுமாறாக விளையாடியபின் அல்லது பயந்த நேரத்தில் சில நொடி வாய் திறக்கலாம், உடனே அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் அவசரம்தான். "சாயங்காலம் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லக்கூடாது.

வாய் திறக்காத பூனைக்கு வேறு கணக்கு. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணச் சொல்லுங்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் சரி. அமைதியாகத் தூங்கும் பூனைக்கு அடிக்கடி முப்பதைத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே. எண்ணத் தெரியாதவர்களிடம் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த அரை நிமிட வீடியோ, கிளினிக்கில் மிரண்டு நிற்கும் பூனையைப் பார்ப்பதைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

எப்படிக் கொண்டு வருவது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் பூனை பெரும்பாலும் கட்டைப்பையில்தான் வருகிறது, அதுவும் ஜிப்பை இழுத்து மூடி, டூவீலர் ஹேண்டில்பாரில் மாட்டி. மூச்சுக்குத் தவிக்கும் பூனைக்கு அது சாவுக்கூண்டு. பூனைக்கூடை இல்லையென்றால் தக்காளி மண்டிகளில் அடுக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கயிற்றில் கட்டினால் போதும். எல்லாப் பக்கமும் காற்று போகும். மேலே மெல்லிய துணி ஒன்று போர்த்தினால் பூனை மிரளாது. முடிந்தால் ஆட்டோ அல்லது கார். ஏப்ரல், மே வெயிலில் மதியம் டூவீலரில் வரச் சொல்லாதீர்கள்.

வீட்டு வைத்தியம் செய்து முடித்திருப்பார்கள்

பூனை வந்து சேரும்போது அதன் வாயில் துளசிச் சாறோ மிளகுக் கஷாயமோ போயிருக்கும். அன்பால் செய்ததுதான். ஆனால் மூச்சு வாங்கும்போது வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். நெஞ்சில் விக்ஸ் தடவியிருப்பார்கள், யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடித்திருப்பார்கள். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரமும் தைலமும் அதற்கு விஷம்.

எல்லாவற்றிலும் கொடியது பாராசிட்டமால். "குழந்தைக்குக் குடுக்கிறதுதானே, கால் மாத்திரை குடுத்தோம்" என்பார்கள். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேதிமாற்றம் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தங்கிவிட்ட மருந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. நுரையீரல் நன்றாக இருக்கும், ஆனாலும் பூனை மூச்சுக்குத் தவிக்கும். ஈறைப் பாருங்கள், நீலத்துக்குப் பதில் சாக்லேட் நிறம் தெரியும். முகமும் பாதமும் வீங்கியிருக்கலாம். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இதற்கு மாற்று மருந்து உண்டு, அசிட்டைல் சிஸ்டீன். மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதைத்தான். சீக்கிரம் போட்டால் பிழைக்க வழியுண்டு.

ஆகவே வந்தவரிடம் முதல் கேள்வி, "வீட்டுல என்ன குடுத்தீங்க?" குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பொய் சொல்வார்கள். "எல்லாரும் ஏதாவது குடுத்துட்டுத்தான் வருவாங்க, என்னன்னு சொன்னா மருந்து சரியாப் போடலாம்" என்று ஆரம்பித்தால் உண்மை வரும்.

முதல் அரை மணி நேரம்

பூனையைக் கூடையிலிருந்து இழுக்காதீர்கள். எடை, வெப்பநிலை, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அப்புறம். முதலில் ஆக்சிஜன், இருட்டு, அமைதி. நாய் குரைக்கும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டுக்காரர் அழுதால் ஆறுதல் சொல்லி வெளியே உட்கார வையுங்கள். உடன் வந்தவர்கள் நால்வரும் கூடையைச் சுற்றி நின்று "மியாவ், மியாவ்" என்று கூப்பிடுவதைத் தடுப்பதும் உங்கள் வேலைதான்.

ஆக்சிஜன் கூண்டு வாங்க வசதியில்லாத கிளினிக்கில் என்ன செய்வது? ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி பாத்திரக் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் ஓட்டை போட்டுக் குழாயை விடுங்கள். மறுபக்கம் மேலே சில ஓட்டைகள் வேண்டும், இல்லையென்றால் பூனை விட்ட கரியமில வாயு உள்ளேயே தங்கும். பெட்டிக்குள் சீக்கிரம் சூடேறும் என்பதை மறந்துவிடக் கூடாது. அறை புழுக்கமாக இருந்தால் ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியை ஒட்டி வையுங்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இன்னும் சில இடங்களில் தூசி படிந்து கிடக்கிறது. சர்வீஸ் செய்து கொண்டுவந்தால் சிலிண்டர் தீரும் பயமில்லை, கரண்ட் இருக்கும்வரை. பெட்டியும் இல்லையென்றால் குழாயின் நுனியை மூக்குக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முகமூடியை மூக்கில் அழுத்தினால் பூனை போராடும்.

ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணும் காதும் வேலை செய்யட்டும். தொடாமலேயே நிறையத் தெரியும். உள்ளிழுக்கும்போது கொர்ரென்று சத்தம் வந்தால் அடைப்பு மூக்கிலோ தொண்டையிலோ இருக்கிறது. தட்டை முகமுள்ள பெர்ஷியனுக்கு மூக்குத் துவாரமே சிறிது, அது தனிப் பிரச்சினை. வெளிவிடும்போது வயிற்றை இறுக்கித் தள்ளினால், கூடவே விசில் போன்ற சத்தம் இருந்தால், ஆஸ்துமாவாக இருக்கலாம். குட்டை குட்டையாக வேகமாக மூச்சு விட்டு, முழங்கையை வெளியே தள்ளி, கழுத்தை நீட்டிக் குந்தியிருந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் நீரோ சீழோ காற்றோ நிறைந்திருக்கக் கூடும். வண்டியில் அடிபட்ட அல்லது மாடியிலிருந்து விழுந்த பூனையில் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு, பாதம் சில்லென்று இருந்தால் இதய நோயையும், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக் கட்டியையும் நினைக்க வேண்டும். பார்த்ததை நேரத்தோடு எழுதிவையுங்கள்: மணி, மூச்சு எண்ணிக்கை, ஈறின் நிறம், சத்தம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதினால், தேறுகிறதா மோசமாகிறதா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

டாக்டராக வேலைக்குச் சேருபவர் இங்கே அவசியம் கைவரப் பெற வேண்டிய வித்தை ஒன்று உண்டு. நெஞ்சுக்கூட்டில் நீர் இருக்கிறது என்று தெரிந்தால் எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் ஊசி வைத்து எடுப்பது. ஏழாவது, எட்டாவது விலா எலும்புகளுக்கு இடையே, விலாவின் முன்விளிம்பை ஒட்டி, பட்டர்ஃபிளை ஊசி, மூன்று வழிக் குழாய், சிரிஞ்சு. செலவு கொஞ்சம்தான். எடுத்து முடிக்கும்போதே பூனை படுத்துக்கொள்ளும், மூச்சு அடங்கும். எடுத்த நீரின் நிறமே பாதி நோயைச் சொல்லும். நாற்றமடிக்கும் சீழ், பால்போன்ற வெண்மை, வைக்கோல் மஞ்சளில் பிசுபிசுப்பு ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. இதைக் கல்லூரியில் பார்த்திருப்பீர்கள், கையால் செய்திருக்க மாட்டீர்கள். பயிற்சிக் காலத்திலேயே கேட்டு வாங்கிச் செய்துவிடுங்கள்.

எக்ஸ்ரேவுக்காக மல்லாக்கப் படுக்கவைப்பதில்தான் பல பூனைகள் போகின்றன. டாக்டர் லேசான மயக்க மருந்து கொடுத்து, மூச்சு சற்று அடங்கியபின், குந்திய நிலையிலேயே ஒரு படம் எடுத்தாலும் போதும்.

இன்னொன்று. "சாப்பிடலைங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வீட்டுக்காரர் வற்புறுத்துவார். நம் ஊரில் பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் என்ற எண்ணம் மனிதர்களிடமே போகவில்லை. பூனைக்கு இதய நோய் இருந்தால், நுரையீரலில் ஏற்கெனவே நீர் கோத்திருந்தால், ஏற்றிய பாட்டில் நேராக உயிரைக் குடிக்கும். நாய்க்கு இதயம் கெட்டால் இருமல் வரும், பூனைக்குப் பெரும்பாலும் வராது. அதனால் வெளியில் நன்றாகத் தெரிந்த பூனை திடீரென்று இந்த நிலையில் வந்து நிற்கும். நீர் ஏற்றுவதா, நீர் பிரிய மருந்து போடுவதா என்று டாக்டர் முடிவு செய்யும்வரை டிரிப் ஸ்டாண்டைத் தொடாதீர்கள்.

ஆஸ்துமாவும் சளியும்

தவிப்பு அடங்கி வீட்டுக்குப் போகும் பூனைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஆஸ்துமா பூனை தரையோடு தாழ்ந்து, கழுத்தை நீட்டி இருமும். "முடி உருண்டை வாந்தி எடுக்கப் பாக்குதுங்க" என்று மாதக் கணக்கில் விட்டிருப்பார்கள். வாந்தியில் ஏதாவது வெளியே வரும், இதில் வராது. இதற்கு மனிதர்கள் போடும் அதே வகை இன்ஹேலரைத்தான் போடுகிறார்கள், குழந்தைகளுக்கான ஸ்பேசர், மாஸ்க் வைத்து. பழக்குவதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். முதலில் வெறும் மாஸ்க்கை முகர வைத்துத் தீனி கொடுப்பது, பிறகு முகத்தில் சில நொடி வைப்பது. வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் உதவியாளர்தான், டாக்டருக்கு நேரம் இருக்காது. கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்புப் புகை, சிகரெட், தூசி பறக்கும் பூனைமணல் இவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "போடுற நேரம் பூனையை வேற ரூம்ல விடுங்கம்மா" என்றால் கேட்பார்கள்.

சளிப் பிடித்த பூனை, குறிப்பாகக் குட்டி, பெரும்பாலும் ஹெர்பீஸ் அல்லது கேலிசி வைரஸ்தான். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. சூடாக்கிய மீன் வைத்தால் சில நேரம் வழிக்கு வரும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும் என்பதால், "சளிதானே" என்று விடக்கூடாது. எட்டு, ஒன்பது வாரத்தில் ஆரம்பிக்கும் தடுப்பூசி இந்த இரண்டு வைரஸுக்கும் சேர்த்துத்தான். நோய் வந்தாலும் கடுமை குறையும்.

உங்கள் உடம்பும் முக்கியம்

எச்சில் ஒழுக, வாய் திறந்து, நடை தள்ளாடி வரும் பூனைக்கு வெறிநோயும் இருக்கலாம். இதை மறந்துவிட்டு வாயைத் திறந்து பார்க்கும் உதவியாளர்கள் உண்டு. வேலைக்குச் சேரும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள், முதலாளியிடம் அதைக் கேட்கத் தயங்காதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டவரும் போக வேண்டும்.

பறவைக் காய்ச்சலையும் மனதில் வையுங்கள். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. கறிக்கடைப் பச்சைக் கழிவைத் தின்கிற பூனை காய்ச்சலோடு மூச்சு வாங்கி வந்தால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு தொடுங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

யார் எதைச் செய்யலாம்

இதில் சட்டம் தெளிவானது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். மற்றவர்கள் அரசு அனுமதித்த சிறு சேவைகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம், அவ்வளவே. டாக்டர் வெளியூர் போன நாளில் "நீங்களே ஒரு ஊசி போட்டு விடுங்க தம்பி" என்பார்கள். போடாதீர்கள். ஆக்சிஜன் வைப்பது, எண்ணுவது, எழுதுவது, டாக்டருக்கு வீடியோ அனுப்புவது உங்கள் எல்லைக்குள் வரும்.

டாக்டராக விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கு: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பி.வி.எஸ்சி. படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு நேரடிப் பயிற்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன, 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு நாமக்கல்லும், சேலம் மாவட்டத் தலைவாசலும் பக்கம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் நாய், பூனை கேஸ்கள் குவியும். சிறு பிராணி மருத்துவம் பழக அதற்கு ஈடான இடம் நம் மாநிலத்தில் இல்லை. படிப்பு முடித்தபின் டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசுப் பணிக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கும் பூனை வரும்.

மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது ஒரு விஷயம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தவர்கள் ஓசூர், பெங்களூரு என்பார்கள், மற்றவர்கள் சேலம் தாண்டி நாமக்கல் போவார்கள். எந்தப் பக்கம் போனாலும் மணிக்கணக்கில் பயணம். தவிக்கிற பூனையை அப்படியே வண்டியில் ஏற்றினால் தொப்பூர் கணவாய் தாண்டுமா என்பது சந்தேகம். நெஞ்சு நீரை எடுத்து, மூச்சு சற்று நிதானப்பட்டபின், சிறிய சிலிண்டருடன், ஏசி காரில், அங்கே முன்கூட்டியே போன் செய்துவிட்டு அனுப்புங்கள். செலவையும் பிழைக்கும் வாய்ப்பையும் கிளம்பும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தால் அதைக் குறை சொல்லும் உரிமை நமக்கில்லை.

இன்று கிளினிக்கைப் பூட்டும் முன் ஆக்சிஜன் சிலிண்டரின் அளவுமானியைப் பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டிருந்தால் இப்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.